பேர் சொல்லும் பாட்டு

வட சென்னையில் ஒரு சாவு விழுந்தால் முதலில் தெருவுக்குச் சேதி சொல்வது ஒப்பாரி. அடுத்தது பட்டாசு, அதற்கடுத்து மேளம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கே போனாலும் வரிசை கொஞ்சம் முன்பின் ஆகுமே தவிர சங்கதி ஒன்றுதான். சாமியானா ஏறும், ஐஸ் பெட்டி வந்து இறங்கும், சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிடுவார்கள். ஆனால் ராத்திரி நீளமானது. உடம்பைத் தனியாக விட்டுவிட்டுத் தூங்கக் கூடாது என்பது முறை. சீட்டாடியும் டீ குடித்தும் எவ்வளவு நேரம்தான் ஓட்டுவது? அந்த ராத்திரியை நகர்த்துவதற்காக வளர்ந்த பாட்டுதான் மரண கானா.

பாடகர் வந்ததும் வீட்டாரைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பார். செத்தவர் பேர் என்ன, என்ன தொழில், பிள்ளைகள் பேர் என்ன, மருமகனோடு பேச்சுவார்த்தை உண்டா, எந்த நடிகருக்கு மன்றம் வைத்திருந்தார், எந்தக் கடையில் உட்காருவார். கேட்டதையெல்லாம் கையிலிருக்கும் மெட்டில் இறக்கிவிடுவார். மெட்டு பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிந்த ஏதோ பழைய சினிமாப் பாட்டுடையதாக இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியோ மீன் ஏலம் போடும் இடத்தில் கூடை சுமந்தோ ஐம்பது வருஷம் ஓட்டியவரின் பேர் அன்றைக்கு ராத்திரி மைக்கில் திரும்பத் திரும்பக் கேட்கும். உயிரோடு இருந்தபோது ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரி சீட்டிலும் தவிர வேறெங்கும் யாரும் அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நடுவில் ஐம்பதும் நூறும் அன்பளிப்பு வரும். கொடுத்தவர் பேரும் மைக்கில் வரும். விடிந்தால் உடம்பு போய்விடும், பாட்டும் அதோடு போய்விடும். மெட்டு மட்டும் அடுத்த பேருக்காகக் காத்திருக்கும்.

இந்தப் பாட்டு பந்தலை விட்டுக் கிளம்பி கேசட், சினிமா, கீழ்ப்பாக்கத்து மேடை, நியூயார்க் விளம்பரப் பலகை வரை போய்ச் சேர்ந்த கதை கொஞ்சம் வளைந்து வளைந்து போகும். அதில் என் கட்சி ஒன்றுதான். வழியில் இது தொலைத்தது செத்தவரின் பேரை. அதைத் தேடி எடுத்துக் கொடுத்தவர்கள் ராப் பாடுகிறவர்கள்.

கானாக்காரர்களிடம் வம்சாவளி கேட்டால் சித்தர்களைச் சொல்வார்கள். அது வெறும் பெருமைப் பேச்சு இல்லை, ஏரியாவும் அதற்கு ஒத்துவருகிறது. செல்வத்தையெல்லாம் உதறிவிட்டு வந்து, பெற்ற தாயின் சிதைக்கு முன் நின்று பாடியவர் என்று தமிழர்கள் நம்பும் பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. இன்றைக்குக் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலைத் தாண்டித்தான் அவரைப் பார்க்கப் போக வேண்டும். தொண்டிப் பக்கத்தில் 1792இல் பிறந்த சூஃபிக் கவி குணங்குடி மஸ்தான் சாகிபு வட சென்னைக்கு வந்து சேர்ந்து 1838இல் இங்கேயே அடங்கினார். இறையை மனோன்மணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவர் பாடிய கண்ணிகளில் இந்து முஸ்லிம் வித்தியாசம் பார்த்து ஒதுங்கியவர்கள் யாரும் இந்தப் பக்கத்தில் இல்லை. இதே திருவொற்றியூரின் திரிபுரசுந்தரி மேல் தியாகராஜர் ஐந்து கீர்த்தனை செய்திருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பையரால் அவை இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டன. கீர்த்தனைகள் சபாக்களுக்குப் போயின. பட்டினத்தார் சுடுகாட்டு வழியிலேயே நின்றுவிட்டார்.

இந்த வம்சத்தைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாது, நிரூபித்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சித்தர் பாட்டுக்கும் கானாவுக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சித்தர் பாடுவது எல்லா உடம்பும் அழியும் என்று. கானா பாடுவது இந்த உடம்பை, இந்தத் தெருவில் இந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த உடம்பை. தத்துவம் பேசிக்கொண்டே வரும் பாட்டு சட்டென்று திரும்பி, செத்தவர் கடைசிவரை திருப்பித் தராத கைமாற்றுக் கடனைக் கலாய்க்கும். அழுதுகொண்டிருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரிக்க வைக்காத கானாப் பாடகருக்கு மறுபடி அழைப்பு வராது.

வேலை தேடி வந்தவர்களால் நிரம்பிய பூமி இது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் வந்தன. 1918இல் அந்தத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை. அங்கேயே 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனிதான் பிற்பாடு எம்.ஆர்.எஃப். 1955இல் என்ஃபீல்டு. எண்ணூரில் அசோக் லேலண்டு, பிறகு அனல்மின் நிலையம். செங்கல்பட்டிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் வந்தவர்கள் கூடவே மேளத்தையும் கொண்டுவந்தார்கள். கிராமத்தில் பறை அடிக்க வேண்டும் என்று சாதி யாருக்குக் கட்டளையிட்டதோ அவர்களின் பிள்ளைகள் இங்கே ஆலைக்கூலி ஆனார்கள். கானா பெரும்பாலும் அவர்கள் குடியிருப்புகளில், தலித் மக்களிடையே வளர்ந்தது. டோலக்கும் ஆர்மோனியமும் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் தகரம் போதும். ஜெயிலில் தட்டு, கல்லூரிப் பையன்களுக்குப் பஸ்ஸின் பக்கத் தகடு.

கேசட் காலம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அது பாடகரின் குரலை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குக் கொண்டுபோனது, அவ்வளவே. சினிமாதான் எல்லாவற்றையும் மாற்றியது.

1994இல் ஷங்கரின் ‘காதலன்’ வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், ஷாகுல் ஹமீது பாடிய ‘பேட்டை ராப்’, ராப் என்ற சொல்லை டீக்கடை வரை கொண்டுபோன பாட்டு. தாளம் அமெரிக்காவிலிருந்து, நாக்கு மெட்ராஸிலிருந்து. நடுவில் தேனிக் கிராமியக் குரல் ஒன்று. இன்றைக்குக் கேட்டாலும் அந்தச் சேர்க்கை துணிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டையை வேடிக்கை பார்த்துச் சொன்ன பாட்டு அது. பேட்டைக்காரர் சொன்னதில்லை. இரண்டு வருஷம் கழித்து ‘காதல் கோட்டை’யில் இசையமைப்பாளர் தேவா தானே பாடி, கானாவைக் காதல் கவலைக்காரர்களின் ஆறுதலாக்கினார். 2006இல் மிஷ்கினின் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாட்டிலேயே மீன்களுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார். தமிழ்நாடே ஆடியது. 2012இல் பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த முதல் படம். கானா பாலாவின் குரல் அதோடு வீட்டுக்கு வீடு தெரிந்த குரலானது.

இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. தேவா இல்லாவிட்டால் கானா என்ற பேரே மதுரைக்கும் நெல்லைக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் கணக்குப் பார்த்தால், சினிமா எடுத்துக்கொண்டது தாளத்தையும் கிண்டலையும் சென்னை பாஷையையும். விட்டுவிட்டது ஐஸ் பெட்டியை. சினிமாவிலும் சாவுக்குத்து உண்டே என்பீர்கள். உண்டுதான். அங்கே செத்தவர் கதைக்காகச் செத்தவர், ஷாட் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். அவர் பேரை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கடல் தாண்டிக் கொஞ்சம் போய்வரலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் மிஸிஸிப்பி பருத்திக் காடுகளிலிருந்து வந்தது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் தங்கள் துக்கத்தைச் சிரிப்போடு கலந்து பாடியது. தேவாலயப் பாட்டின் உருக்கத்தை எடுத்துக் காதலுக்கும் பிழைப்புக்கும் மாற்றியபோது சோல் இசை ஆனது. 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸில் கூல் ஹெர்க் என்கிற இளைஞர் ஒரு விருந்தில் இரண்டு இசைத்தட்டுகளை வைத்துத் தாளத் துண்டை மட்டும் நீட்டி நீட்டி ஓட்டினார். ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். அப்பன் பாட்டன் கேட்ட சோல், ஜாஸ் தட்டுகளிலிருந்து ஒரு துண்டை வெட்டி அதன் மேல் இன்றைய பேச்சை ஏற்றுவது அந்த இசையின் அடிப்படை வேலையாயிற்று.

அந்த வகையில் பீட் ராக், சி.எல். ஸ்மூத் என்ற இரட்டையர் 1992இல் ஒரு பாட்டு போட்டார்கள். ஒருவர் தட்டுகளைக் கோத்து இசை செய்பவர், இன்னொருவர் சொல்பவர். 1990இல் இசைப் பயணத்தின்போது விபத்தில் இறந்துபோன ‘டிராய்’ என்கிற ஊர்க்கார நண்பனுக்கான அஞ்சலி அது. பாட்டின் பேரிலேயே அவன் பேரின் எழுத்துகளை ஒளித்துவைத்தார்கள். டாம் ஸ்காட்டின் 1960களின் தட்டிலிருந்து ஒரு சாக்ஸபோன் துண்டு திரும்பத் திரும்ப வரும். அதன்மேல் சி.எல். ஸ்மூத் தன் அம்மா, தாத்தா, மாமா என்று குடும்பத்தையே வரிசையாக நிறுத்துகிறார். ஹிப்ஹாப் தெரிந்தவர்களில் இந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. புளியந்தோப்புக் கானாக்காரர் யாரும் இதைக் கேட்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. கேட்டால், இதை நாங்கள் வாரத்துக்கு இரண்டு பண்ணுகிறோமே என்பார். பழைய மெட்டு, புதிய பேர். வேலை ஒன்றுதான்.

இங்கே அந்த வேலையும் மேடையும் சந்தித்த நாள் 2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்த்த ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் வைத்த முழக்கத்திலிருந்து பேரை எடுத்துக்கொண்டார்கள். கானா முத்து, பாலசந்தர், செல்லமுத்து, இசைவாணி, அறிவு என்று பாடுபவர்கள். எல்லாரும் கோட்டு சூட்டில். அம்பேத்கர் ஏன் கோட்டு போட்டார் என்று தெரிந்தவர்களுக்கு அதுவே ஒரு பாட்டு.

எனக்கு அந்த மேடையில் முக்கியமாகப் பட்டது கருவிகள். சட்டியும் கட்டை மேளமும் சுடுகாட்டு வாசல் வரை போய் அங்கே நின்றுவிடும் கருவிகள். சாவு முடிந்தால் அவற்றைத் தொடுவதற்கே யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றை எலெக்ட்ரிக் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் சமமாக, ஒரே வெளிச்சத்தில் வைத்தார்கள். ஒலி சேர்ந்ததா என்றால் எல்லா இடத்திலும் சேரவில்லை. சில பாட்டுகளில் கிதார் கானாவின் தொண்டையைப் பிடித்துக்கொண்டது போலத்தான் இருக்கும். அதே வருஷம் ‘மகிழ்ச்சி’ என்று ஆல்பமாக வந்தபோது அந்தச் சண்டை கொஞ்சம் அடங்கியிருந்தது. அடங்காமலே விட்டிருக்கலாம்.

இசைவாணி ராயபுரத்துப் பெண். சின்ன வயதிலிருந்தே மேடை ஏறியவர். 2020இல் பி.பி.சி. உலகின் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தபோது ஆண்கள் ஆதிக்கம் செலுத்தும் கானாவில் வருஷக்கணக்காகப் பாடி வருபவர் என்று எழுதினார்கள். அது ஏன் செய்தி என்று புரிய வேண்டுமானால் சாவு வீட்டின் கணக்கு புரிய வேண்டும். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். வெளியே, தெருவில், பந்தலில் ஆண்கள் கானா பாடுவார்கள். ஒரே சாவுக்கு இரண்டு பாட்டு, நடுவில் ஒரு வாசற்படி. உள்ளே பாடப்படுவதற்குக் காசு கிடையாது, மைக் கிடையாது. வெளியே பாடப்படுவதற்கு இரண்டும் உண்டு. இசைவாணி அந்த வாசற்படியைத் தாண்டி வெளியே வந்தார். வந்தவரைச் சும்மா விடவில்லை. சபரிமலைக்குப் பெண்கள் போகலாம் என்ற தீர்ப்பை ஒட்டி அவர் பாடிய ஐயப்பன் பாட்டுக்காக 2024 நவம்பரில் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். பாட்டு வந்து வருஷங்கள் கழித்து வந்த கோபம் அது.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஒரு பயணம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் கர்நாடகப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலுக்கும் புகைபோக்கிக்கும் நடுவே முகமூடியோடு உட்கார்ந்து ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ பாடினார். வரிகள் கபேர் வாசுகி, இசை ஆர்.கே. ஸ்ரீராம்குமார். சுத்தமான ராகமாலிகை, வார்த்தை மட்டும் சென்னை பாஷை. தியாகராஜரின் பாட்டு சபாவுக்குப் போன பாதையில் ஏதோ ஒன்று திரும்பி வந்தது போல. கழிமுகம் சாகிறது என்று சொன்ன பாட்டு அது. ஆனால் அனல்மின் சாம்பல் கொட்டிய இடத்தில் வலை போடும் மீனவரின் பேர் அதில் இல்லை. அழுகை உண்மை, பந்தல் வேறு.

பேரைத் திருப்பிக் கொண்டுவந்தது ராப் பாடும் அறிவு. அரக்கோணத்துக்காரர். 2018இல் ‘காலா’ படத்துக்குப் பாட்டு எழுதினார். அந்தப் படத்திலேயே தாராவித் தமிழ்ப் பையன்களான டோப்அடெலிக்ஸ் குழுவின் ராப் வந்தது. 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு இரட்டையராகச் சேர்ந்து ‘தெருக்குரல்’ ஆல்பம் போட்டார். ஒருவர் ஒலி, ஒருவர் சொல். பீட் ராக், சி.எல். ஸ்மூத் அமைப்பேதான். அதில் ஒரு பாட்டின் பேர் ‘ஸ்னோலின்’. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தின்மேல் போலீஸ் சுட்டதில் செத்துப்போன இளம்பெண். அந்தத் துப்பாக்கிச் சூட்டில் பலியானது பதின்மூன்று பேர் என்று எண்ணிக்கையாகச் சொல்லிக் கடந்துவிட்டார்கள். கானாவின் சட்டப்படி எண்ணிக்கை செல்லாது, பேர் வேண்டும். அறிவு அந்தச் சட்டத்தை ராப்புக்குள் கொண்டுவந்தார். ‘ஆன்ட்டி இந்தியன்’ பாட்டைத்தான் எல்லாரும் பேசினார்கள். நான் அந்த ஆல்பத்தின் இதயம் என்று ஸ்னோலினைத்தான் சொல்வேன்.

அடுத்தது 2021 மார்ச் 7, ‘என்ஜாய் எஞ்சாமி’. பாடகி தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசை, மாஜா நிறுவன வெளியீடு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. அப்படித் திரும்பி வந்து நிலமில்லாமல் நின்ற ஜனத்தின் ஒப்பாரிதான் அந்தப் பாட்டின் அடிவயிறு. வாசற்படிக்கு உள்ளே பாடிக்கொண்டிருந்த பாட்டு என்று மேலே சொன்னேனே, அது இங்கே ராப்போடு கைகோத்து வெளியே வந்துவிட்டது. பாட்டியே வீடியோவில் இருக்கிறார். குழந்தைகள் அதைக் கல்யாண வீட்டில் ஆடுகிறார்கள். ஒப்பாரிக்கு ஆடுவது நம் ஊரில் புதிதில்லை.

இதற்குப் பிறகு நடந்தது பழைய கதை. ரோலிங் ஸ்டோன் இந்தியா 2021 ஆகஸ்ட் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை போட்டார்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் வந்த, அந்தப் பாட்டின் டி.ஜே. ஸ்னேக் ரீமிக்ஸுக்கான விளம்பரத்திலும் அவர் இல்லை. 2022 ஜூலை 28 அன்று சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். பாட்டு யாருடையது, மெட்டு யார் போட்டது என்று சண்டை சமூக ஊடகத்தில் வெடித்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் பைசா வரவில்லை என்றார். கூட்டாகச் செய்த பாட்டில் யார் எவ்வளவு செய்தார் என்று வெளியிலிருந்து நியாயம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் செத்தவர் பேரையெல்லாம் கூப்பிட வந்த பாட்டில் பாடியவர் பேரே விடுபட்டுப் போனது கொஞ்சம் நக்கலான விஷயம்தான். கானாப் பந்தலில் இந்தப் பிரச்சினை இல்லை. பாடி முடித்ததும் பேசிய பணம் கைக்கு வந்துவிடும், ஐம்பது ரூபாய் கொடுத்தவர் பேரைக்கூட விடாமல் சொல்லியாக வேண்டும்.

இப்போது எல்லைகள் ரொம்பக் கலங்கிவிட்டன. ஆஃப்ரோ இன்னொரு கூட்டாக அசல் கோளாரோடு சேர்ந்து ‘ஜோர்த்தாலே’ போட்டார். கானாவா, ராப்பா என்று அசலைக் கேட்டால் அவருக்கே குழப்பம் வரும். 2023இல் ‘லியோ’வில் விஜய் பாட்டுக்குள் அவர் குரல் போனது. 2020 டிசம்பரிலிருந்து மார்கழி மாசத்தில் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற விழா நடக்கிறது. சபா சீசனிலேயே சாவுப் பாட்டும் ஒப்பாரியும் மேடை ஏறுகின்றன.

பந்தலும் அங்கேயே இருக்கிறது. கீபோர்டு வந்திருக்கிறது, ரிதம் பேட் வந்திருக்கிறது, பின்னணித் துணுக்கைப் போனில் ஓட்டி அதன்மேல் ராப் நடையில் சொல்கிற சின்னப் பையன்கள் வந்திருக்கிறார்கள். முன்பு விடிந்தால் போய்விடும் பாட்டு இப்போது யூடியூபில் ஏறிவிடுகிறது. ‘நண்பன் நினைவு கானா’ என்று தேடினால் வரிசையாக வரும். பைக்கில் சாய்ந்து நிற்கும் படம், கூலிங் கிளாஸ் படம், கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படம். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் பேர், அடைப்புக்குள் தெருப் பேர். கீழே ஓரமாகப் பாடகரின் செல் நம்பர் ஓடிக்கொண்டிருக்கும்: கச்சேரிக்கு அணுகவும்.